ரவுட்டரை மாற்றுவதற்கு முன் ஜன்னலைப் பாருங்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். 200 எம்பிபிஎஸ் பிளான், மாதாமாதம் கட்டுகிறோம். இரண்டு மாதமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நெட் நாலைந்து தடவை அறுந்துபோகிறது. மருமகளுக்கு ராத்திரி ஷிப்ட். மீட்டிங் நடுவில் போய்விடுகிறது. பெட்டியை ஆஃப் செய்து ஆன் செய்தால் வந்துவிடும். கேபிள் பையன் பார்த்துவிட்டு, "ரவுட்டர் பழசு, புதுசு 3,200 ரூபாய், ஒரு வருஷ பிளானுக்கு மாறினால் அதில் 500 குறைத்துக்கொள்கிறேன்" என்கிறான். மாற்றிவிடலாமா? (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்)

வேண்டாம் சார். மாற்ற வேண்டிய நிலை வரலாம், ஆனால் எது அறுகிறது என்றே தெரியாமல் 3,200 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

ஆஃப் செய்து ஆன் செய்தால் வந்துவிடுகிறது, அதனால் ரவுட்டர்தான் கோளாறு என்பது அந்தப் பையனின் கணக்கு. பெட்டி மறுபடி எழும்போது மூன்று வேலை நடக்கிறது. வெளியிலிருந்து வரும் லைனோடு புதிதாகப் பேசி இணைகிறது. கம்பெனியின் சர்வரில் புதிதாக லாகின் ஆகிறது. வீட்டுக்குள் வைஃபை எந்தத் தடத்தில் ஓடலாம் என்று பெரும்பாலும் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறது. இந்த மூன்றில் எது சரியானதால் நெட் வந்தது என்று யாருக்குத் தெரியும்? குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது என்பதை வைத்து அது எதற்கு அழுதது என்று சொல்ல முடியாது.

அதனால் அடுத்த தடவை போகும்போது பெட்டியில் கை வைக்காதீர்கள். மருமகளிடமும் சொல்லிவையுங்கள். எழுந்து போய் விளக்குகளைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிகிறதா, அல்லது சிமிட்டுகிறதா? ஃபைபர் லைனில் நெட் ஒளியாகத்தான் வருகிறது, அந்த ஒளியே உங்கள் வீட்டுக்கு வரவில்லை என்று பொருள். நீங்கள் தங்கத்தில் ரவுட்டர் வாங்கி வைத்தாலும் அது வேலை செய்யாது. அந்த விளக்கை செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், நேரத்தோடு. ஒரு வாரம் இப்படிச் சேர்த்த ஏழெட்டுப் படங்களைக் காட்டினால், கேபிள்காரரால் ரவுட்டரைப் பற்றி வாயே திறக்க முடியாது.

நீங்கள் "சாயங்காலம்" என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரு வீடு ஞாபகம் வந்தது. ஜீவன்பீமா நகரில் ஒரு தெரிந்த குடும்பம். இதே கதை: பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும், ஆறரை மணியானால் போய்விடும். அதற்குள் இரண்டு ரவுட்டர் மாற்றியாகிவிட்டது. நான் போனபோது ஆறு மணி, காபி கொடுத்தார்கள், நெட் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஆறே முக்காலுக்கு அந்த வீட்டுப் பாட்டி எழுந்துபோய், கொசு வரும் என்று ஹால் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். எல்ஓஎஸ் சிவப்பாகிவிட்டது. அந்த ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகத்தான் ஒயரை உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். ட்ரில் மெஷின் எடுத்து ஓட்டை போட யாருக்கோ சோம்பேறித்தனம். தினமும் சாயங்காலம் அலுமினியச் சட்டம் ஒயரை நசுக்கும், காலையில் திறந்தால் விட்டுவிடும். நடுவில் பாட்டி துளசிக்கு விளக்கு வைக்க ஒருமுறை ஜன்னலைத் திறப்பார், அப்போது ஐந்து நிமிடம் நெட் வரும். ஒரு கையளவு பிளாஸ்டிக் குழாயில் முடிந்த வேலை அது.

ஃபைபர் ஒயருக்குள் இருக்கும் கண்ணாடி இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான். வெளிச்சம் ஓடுவது அதற்கும் நடுவே, கண்ணுக்கே தெரியாத ஒரு மையத்தில். செம்புக் கம்பியை மடக்கலாம், இதை மடக்கினால் அந்த வளைவில் வெளிச்சம் வெளியே கசிந்துவிடும். அதனால் வெளிச்சுவரிலிருந்து பெட்டி வரைக்கும் ஒயரோடு நடந்து பாருங்கள். கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், சோபாவின் பின்கால், டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் இறுக்கிச் சுற்றி டேக் போட்ட கட்டு, எல்லாவற்றையும். ஒயரைத் தொடலாம், மின்சாரம் இல்லை. ஆனால் பெட்டியிலிருந்து கழற்றி அதன் முனையை கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

பையன் வரும்போது ரவுட்டர் பேச்சை விட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேளுங்கள்: "பவர் எவ்வளவு வருதுப்பா, மீட்டரில் காட்டு." மைனஸ் போட்ட ஒரு எண்ணைக் காட்டுவான். மைனஸ் 20 அல்லது அதை ஒட்டி இருந்தால் நல்ல லைன். மைனஸ் 25 என்றால் ஓரத்தில் நிற்கிறது. மைனஸ் 27ஐத் தாண்டினால் பெட்டி தடுமாற ஆரம்பிக்கும். ஒவ்வொரு மூன்று எண்ணுக்கும் வெளிச்சம் பாதியாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். "மீட்டர் கொண்டுவரலை சார்" என்றால் அவன் லைன் பார்க்க வரவில்லை, ரவுட்டர் விற்க வந்திருக்கிறான்.

சரி, எல்ஓஎஸ் எரியவே இல்லை, ஆனாலும் நெட் போகிறது என்றால்? எஸ்.பி. ரோட்டில் இருநூறு ரூபாய்க்குள் ஐந்து மீட்டர் லேன் கேபிள் கிடைக்கும். அதை ரவுட்டரிலிருந்து நேராக மருமகளின் லேப்டாப்பில் செருகி இரண்டு ராத்திரி வேலை செய்யச் சொல்லுங்கள். (புது லேப்டாப்பில் அதற்கான ஓட்டையே இருக்காது, யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் ஒன்று வேண்டியிருக்கும்.) கேபிளில் அறுபடவில்லை, வைஃபையில்தான் அறுகிறது என்றால் உங்கள் லைன் நன்றாக இருக்கிறது, கோளாறு உங்கள் ஹாலில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றையொன்று இடிக்காமல் ஓடக்கூடிய தடங்கள் மூன்றுதான். அல்சூர் சந்துகளில் போனைத் திறந்தால் முப்பது வைஃபை பெயர் வரும், எல்லோரும் வீடு திரும்பும் நேரம் சாயங்காலம். உங்கள் வைஃபை பட்டியலில் கடைசியில் 5ஜி என்று முடியும் பெயர் இருந்தால் அதில் இணையுங்கள். அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, அதற்கும் செல்போன் 5ஜிக்கும் சம்பந்தம் கிடையாது. சுவரைத் தாண்டி அது அதிகம் போகாது என்பதால் பெட்டியை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து, வேலை செய்யும் அறைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

நெட் போகும்போது பெட்டியின் எல்லா விளக்கும் ஒருமுறை அணைந்து திரும்ப எரிகிறதென்றால், பெரும்பாலும் அதற்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் செத்துக்கொண்டிருக்கிறது. புதிது வாங்கினால் அதே வோல்ட், அதே பின். ஆம்பியர் அதே அளவு, இல்லை கொஞ்சம் கூட. முன்னூறு ரூபாய் வேலை.

இப்போது ஒரு விதிவிலக்கு. இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லத்தான் வேண்டும், பெங்களூரில் இதில் ஏமாறாத தெரு இல்லை. உங்கள் வீட்டில் எந்தப் பெட்டியிலும் எல்ஓஎஸ் என்ற விளக்கே இல்லையென்றால், பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கு ஃபைபர் வரவே இல்லை. ஃபைபர் என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். அது பக்கத்துக் கட்டிடத்தின் மொட்டைமாடி வரைக்கும்தான் வந்திருக்கும். அங்கே ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு சுவிட்ச், அதிலிருந்து எட்டுச் செம்புக் கம்பி உள்ள சாதாரண லேன் கேபிள் உங்கள் வீட்டுக்கு. உங்கள் ரவுட்டருக்குப் பின்னால் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் கிளிப்போடு செருகியிருப்பது அதுதான்.

அந்த சுவிட்சுக்குக் கரண்ட் வேண்டும். அதை யாராவது ஒரு வீட்டுக்காரரின் பிளக் பாயிண்டிலிருந்துதான் எடுத்திருப்பார்கள். கரண்ட் போனால் உங்கள் ரவுட்டர் இன்வெர்ட்டரில் ஓடும், வைஃபை முழுசாகக் காட்டும், நெட் மட்டும் இருக்காது. ஏனென்றால் மாடியில் இருக்கும் சுவிட்சுக்கு பேட்டரி இல்லை, அல்லது இருந்த பேட்டரி செத்துப்போய் வருடக்கணக்காகிறது. கரண்ட் போகாமலும் இது நடக்கும். நான் பார்த்த ஒரு கட்டிடத்தில் ஓனர் சாயங்காலம் தண்ணீர் மோட்டார் போடுவார். அந்த நொடி வோல்டேஜ் இறங்கும், சுவிட்ச் அணைந்து எழும், இரண்டு நிமிடம் கட்டிடம் முழுக்க நெட் போகும். ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வார்கள். அதற்குள் இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், நெட் வந்துவிடும், தாங்கள்தான் சரிசெய்தோம் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வார்கள். அதனால் போன உடனே, அதே கனெக்‌ஷன் வைத்திருக்கும் கீழ்வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவருக்கும் போயிருந்தால் உங்கள் ரவுட்டர் நிரபராதி.

இந்த லேன் கேபிளுக்கு நூறு மீட்டர்தான் கணக்கு, அதற்கு மேல் இழுத்தால் நம்ப முடியாது. இரண்டு துண்டை முறுக்கி டேப் சுற்றி இழுத்திருப்பார்கள், மழை பெய்தால் அங்கே தண்ணீர் இறங்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. 200 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டியும், லேன் கேபிளில் சோதித்தும் வேகம் 95ஐத் தாண்டவே இல்லையா? அந்த எட்டுக் கம்பியில் ஏதோ ஒன்று அறுந்திருக்கலாம். நூறுக்கு மேல் ஓட எட்டுக் கம்பியும் வேண்டும், நூறு வரைக்கும் நாலு போதும், அதனால் லைன் தானே இறங்கி நொண்டிக்கொண்டு ஓடுகிறது. மாடியில் இருப்பது பழைய சுவிட்சாக இருந்தாலும் இதே கதிதான். நீங்கள் மட்டும் மாதாமாதம் 200க்குக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அப்புறம் அந்த ஒரு வருட பிளான். கைகூப்பிக் கேட்கிறேன், கோளாறு இருக்கும்போது வருடப் பணம் கட்டாதீர்கள். மாதப் பணம் ஒன்றுதான் உங்கள் கையிலிருக்கும் கயிறு. மொத்தமாக வாங்கிக்கொண்ட பிறகு, கூப்பிட்டால் "நாளே பர்த்தீனி சார்" (நாளை வருகிறேன் சார்) என்று கன்னடத்தில் சொல்வார்கள். அந்த நாளை எந்த காலண்டரிலும் இல்லை. 500 ரூபாய் தள்ளுபடி அவன் பையிலிருந்து வரவில்லை. வருட பிளான் விற்றால் ஃப்ராஞ்சைஸ்காரருக்குக் கமிஷன் கிடைக்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். பையனின் சொந்த வாட்ஸ்அப்பில் சொல்வது புகாரே ஆகாது. கம்பெனியின் ஆப்பில் அல்லது பில்லில் அச்சிட்ட நம்பரில் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடாதீர்கள். அங்கே திருடர்கள் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு ஆப் ஏற்றச் சொல்லி உங்கள் திரையைப் பார்த்துப் பணத்தை எடுத்துவிடுவார்கள். வங்கியில் இருந்தவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சில கம்பெனிகளில் புகாரை முடிக்க ஓடிபி வரும். பையன் படிக்கட்டு இறங்கும்போதே போனில் கேட்பான். இரண்டு சாயங்காலம் அறுபடாமல் ஓடிய பிறகு கொடுங்கள்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது டிராய் இருக்கிறதே என்பீர்கள். டிராய் தனிநபர் புகாரை எடுத்துக்கொள்வதில்லை. 2012ல் போட்ட விதிப்படி முதலில் கம்பெனியின் புகார் மையம், அதில் திருப்தி இல்லையென்றால் அதே கம்பெனிக்குள் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரி. அவர் முடிவு சொல்ல 39 நாள் அவகாசம். தினமும் ஐந்து தடவை அறுகிற லைனுக்கு 39 நாள்! யார் உட்கார்ந்து யோசித்தார்களோ. ஆனாலும் செய்யுங்கள், காசு கிடையாது, மேல்முறையீடு போனதும் நிறைய இடத்தில் மறுநாளே மீட்டரோடு ஆள் வருகிறான். அதற்கும் மசியவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022ல் சொல்லிவிட்டது. கம்பெனிக்காரர் "அதெல்லாம் செல்லாது" என்றால் நம்பாதீர்கள்.

சில சமயம் தப்பு அவர்கள் பக்கமும் இருக்காது. மரத்துக்கு மரம் தொங்கவிட்ட கேபிளை மே மாத மழையில் கிளை விழுந்து அறுக்கும், இல்லையென்றால் கம்பத்தில் கட்டியதை மின்வாரியமான பெஸ்காம்காரர்கள் வெட்டிப்போடுவார்கள். ஆனால் அப்படிப் போனால் நாள்கணக்கில் போகும், ஐந்து நிமிடத்தில் திரும்பி வராது. உங்களுடையது அந்த வகை இல்லை.

கடைசியாக, பையன் காட்டிய ரவுட்டரின் படத்தை அனுப்பியிருந்தீர்கள். அதன் அட்டைப்பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் போட்டிருக்கிறது, 5 கிடையாது. அல்சூரின் முப்பது வைஃபைகளோடு இடித்துக்கொள்ள நீங்கள் 3,200 ரூபாய் கொடுக்க வேண்டாம். இன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள்.