பெங்களூரு கார், ஓசூர் முகவரி: வரியும் ஆர்.சி.யும்

கேள்வி: பெங்களூருவில் 2019 மாடல் கார் ஒன்று 4.6 லட்சத்துக்கு வருகிறது. "பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், 12 மாதம் கே.ஏ. (கர்நாடக) எண்ணிலேயே ஓட்டலாம், பெயரை மெதுவாக மாற்றிக்கொள்ளுங்கள்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?
– ஓசூர் வாசகர்

பதில்: கார் நன்றாக இருந்தால் வாங்கலாம். அவர் சொல்லும் முறையில் வேண்டாம்.

12 மாதக் கணக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவில் இருப்பதுதான். ஆனால் அது வேறு மாநிலத்தில் புதிய பதிவு எண் வாங்குவதற்கான கெடு. வரி கட்டாமல் ஓட்ட அது அனுமதி தரவில்லை. பெயர் மாற்றத்துக்கு 50-ஆவது பிரிவின்படி வாங்குபவருக்கு 30 நாள்தான்.

மாநிலம் மாறும் காருக்கு 29, 30 மட்டும் போதாது. விற்பவர் தம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து, ஓசூர் அலுவலகத்தின் பெயருக்கு என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கித் தர வேண்டும். பெரும்பாலும் இழுபறி இங்கேதான். கட்டாத போக்குவரத்து அபராதம் இருந்தால் முதலில் அதைத் தீர்க்க வேண்டும். கடனை அடைத்த பலர், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) வங்கியின் பெயரை நீக்காமலே விட்டிருப்பார்கள். பரிவாகன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். வங்கியின் பெயர் தெரிந்தால் படிவம் 35-உம் வங்கிக் கடிதமும் தேவை. அந்தக் கடிதம் பொதுவாக மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். பழைய கடிதத்தைக் காட்டினால் புதிதாக வாங்கித் தரச் சொல்லுங்கள். சேஸிஸ், இன்ஜின் எண்களை ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள், தரகரை நம்பி விடாதீர்கள்.

இனி வரி. கர்நாடகத்தில் ஆயுட்கால வரி கட்டியிருந்தாலும் தமிழ்நாட்டில் மறுபடி கட்ட வேண்டும். காரின் வயது ஏற ஏற விகிதம் குறையும். ஆனால் நீங்கள் கொடுக்கும் 4.6 லட்சத்துக்கு அல்ல, புதிதாக வாங்கியபோது இருந்த விலைக்குத்தான் கணக்கு. அதனால் முதல் இன்வாய்ஸின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எல்லை தாண்டி வரும் கார் மலிவாகத் தெரிவதற்குப் பாதிக் காரணமே இந்த வரிதான். அதையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். தமிழ்நாட்டு ஆர்.சி. வந்தபின், கர்நாடகத்தில் மீதிக் காலத்துக்கான வரியைத் திரும்பக் கேட்கலாம். அந்தப் பணம் யாருக்கு என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அடிபட்ட மூன்றாம் நபருக்கு இழப்பீடு கிடைக்கும், உங்கள் காரின் சேதத்துக்குக் கிடைக்காது. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் 'நோ கிளெய்ம் போனஸ்' தள்ளுபடி விற்பவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

என்.ஓ.சி. கைக்கு வரும்வரை ஒரு கணிசமான தொகையை நிறுத்தி வையுங்கள்.

கேள்வி: போன வருடம் காரை விற்றுவிட்டேன். டெலிவரி நோட்டில் கையெழுத்து இருக்கிறது. ஆனால் அபராதம் இன்னும் என் கைபேசிக்குத்தான் வருகிறது.
– மதுரை வாசகர்

பதில்: டெலிவரி நோட் உங்களுக்கும் வாங்கியவருக்கும் இடையிலான சாட்சி, அவ்வளவே. விபத்து இழப்பீட்டைப் பொறுத்தவரை, ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் கார் பல கை மாறியிருந்தது, பொறுப்பு பதிவில் இருந்தவர் தலையில்தான் விழுந்தது. விற்ற 14 நாளுக்குள் படிவம் 29-ஐ நீங்களே கொடுத்திருக்க வேண்டும். இப்போதாவது கொடுங்கள். டெலிவரி நோட் நகலுடன் ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். வாங்கியவருக்கும் பதிவுத் தபால் அனுப்புங்கள். ஃபாஸ்டாக் இன்னும் உங்கள் கணக்கில் இருந்தால் இன்றே மூடுங்கள். விற்றது பழைய கார் வியாபாரியிடம் என்றால், அவர் ஆர்.டி.ஓ.வில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். அப்படிப்பட்டவருக்குப் படிவம் 29சி வழியாகக் காரை ஒப்படைக்கலாம், அதன்பின் பொறுப்பு அவருடையது.

கேள்வி: 11.4 லட்ச ரூபாய் புதுக் காருக்கு, சாலை வரி போக 11,400 ரூபாய் தனியாகக் கேட்கிறார்கள். ஏமாற்றா?
– சேலம் வாசகர்

பதில்: இல்லை. 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு முழு விலையின்மேல் 1 சதவீதம் வருமான வரியாகப் பிடிப்பார்கள். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால் அது உங்கள் கணக்கில் ஏறும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், வரியே வராதவர் திரும்பப் பெறலாம். பில்லில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு தொகை இருந்தால், கேள்வி கேட்க வேண்டியது அதைத்தான்.