கினபாலு போயும் மலை தெரியவில்லையா?

காலை எட்டரைக்குள் பூங்கா வாசலில் இருக்கிற மாதிரி வேன் பாருங்கள். சிறு குழுவோடு மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலு பார்க் போயும் வெறும் மேகத்தைத்தான் பார்த்தேன் என்கிறீர்கள். பெரும்பாலும் நேரக் கோளாறுதான். கடிகாரம் ஒன்றானாலும் சபாவில் சூரியன் கோலாலம்பூரைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முந்தி உதிக்கும். நமக்கு ஏழு மணி விடியல், அங்கே வெயில் வந்தாச்சு. முற்பகலிலேயே மேகம் ஏறிவிடும்.

பணம் கட்டுமுன் வேன் நடத்துபவரிடம் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: சபா தலைநகர் கோத்தா கினபாலுவில் எத்தனை மணிக்குக் கிளம்பும்? முதலில் பூங்காவா, போரிங் (Poring) வெந்நீர் ஊற்றா? நகரிலிருந்து பூங்காவுக்குப் பாதையே இரண்டு மணி நேரம். எட்டுக்கு மேல் ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றினால் விட்டுவிடுங்கள்.

ஆனாலும் மழை நாளில் 4,095 மீட்டர் மலையும் முழுசாக ஒளிந்துகொள்ளும். அப்போது தாவரத் தோட்டத்தில் வழிகாட்டியிடம் குண்டூசித் தலை அளவு ஆர்க்கிட் பூவைக் காட்டச் சொல்லுங்கள்.