தாழ்மை என்றால் மறுக்கவே கூடாதா?

ஆலோசகர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

வீட்டுக்கு நான் மூத்த மகள். கல்யாணமாகிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அம்மாவைக் கவனிப்பது, தம்பியின் கடனுக்குத் தவணை கட்டுவது, சபையில் ஞாயிறு பள்ளி எல்லாம் என் தலையில்தான். "முடியாது" என்று சொல்ல வாய் வராது. தம்பி சமீபத்தில் மறுபடியும் பணம் கேட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். "கடவுளே மனுஷனா இறங்கி வந்தார், உனக்கு இது பெரிசா அக்கா?" என்றான். கணவரிடம்கூடச் சொல்லாமல் கொடுத்துவிட்டேன். இப்போது அவன் குரலைக் கேட்டாலே எரிச்சல், இரவில் தூக்கமும் இல்லை. இயேசு உயிரையே கொடுத்தார், நான் இதற்கே சலித்துக்கொள்கிறேனே! என் விசுவாசம் பொய்யா?

– ஒரு சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

கோபம் வருவதால் விசுவாசம் பொய்யாகிவிடாது. முதலில் அந்தப் பாரத்தை இறக்கி வையுங்கள்.

தம்பி தொட்டுப் பேசியது பைபிளில் பிலிப்பியர் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தை. "தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து" என்று பவுல் அதில் எழுதுகிறார். ஆனால் அதை அவர் ஒரு அக்காவுக்கு மட்டும் எழுதவில்லை. மொத்தச் சபைக்கும், ஒருவரையொருவர் மேன்மையாக எண்ணுங்கள் என்று சொல்லும்போது எழுதுகிறார். அப்படியென்றால் அந்த வசனத்தில் தம்பிக்கும் பங்கு உண்டு, இல்லையா? மேலே இருந்தவர் தாமாக இறங்கினார் என்பதுதான் அங்கே செய்தி. ஏற்கெனவே சுமப்பவரை இன்னும் அழுத்த அதை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

யோவான் 13ஐ நிதானமாக வாசித்துப் பாருங்கள். சீஷர்களின் கால்களைக் கழுவ எழுந்திருப்பதற்கு முன், பிதா எல்லாவற்றையும் தம் கையில் கொடுத்தார் என்பதையும், தாம் எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார் என்பதையும் இயேசு அறிந்திருந்தார் என்று எழுதியிருக்கிறது. தாம் யார் என்று தெரிந்தவர் குனிகிறார். பேதுரு கோபித்துக்கொள்வானோ, நம்மை யாராவது தப்பாக நினைப்பார்களோ என்ற பயம் அங்கே இல்லை. 10ஆம் அதிகாரத்தில் இன்னும் வெளிப்படையாக, தம் ஜீவனை ஒருவனும் தம்மிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, தாமே கொடுப்பதாகச் சொல்கிறார்.

அதற்காக வலிக்காமல் கொடுத்தார் என்று நினைக்க வேண்டாம். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் இந்தப் பாத்திரம், அதாவது இந்தப் பாடு, நீங்கட்டும் என்று கேட்டார், கூட விழித்திருங்கள் என்று நண்பர்களிடம் சொன்னார். துக்கத்தை மறைக்கவில்லை. எனவே, கொடுக்கும்போது வலித்ததே என்று குழம்பாதீர்கள். கொடுக்காமல் இருக்கவும் உங்களுக்கு இடம் இருந்ததா என்று பாருங்கள். இல்லை என்றுதான் உங்கள் கடிதம் சொல்கிறது. எரிச்சலும் அங்கிருந்தே வருகிறது என்று நினைக்கிறேன்.

அவர் எல்லோருக்கும் எப்போதும் சரி சொன்னவரும் இல்லை. மாற்கு 1இல் எல்லாரும் தேடுகிறார்கள் என்று சீஷர்கள் வந்து சொல்ல, அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். விசாரணையில் அறைந்தவனிடம், நான் பேசியது சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். (இந்த இடம் பிரசங்கங்களில் ஏனோ அதிகம் வருவதில்லை.)

சரி, என்ன செய்யலாம்? அம்மாவைக் கவனிப்பதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அதை நீங்கள் மனதாரச் செய்கிறீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தம்பி விஷயத்தில் முதலில் கணவரிடம் பேசுங்கள். இந்த ரகசியமும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். எவ்வளவு கொடுக்க முடியும் என்று இருவரும் முடிவு செய்துவிட்டு, தம்பி கேட்கும்போது அதை மட்டும் சொல்லுங்கள், காரணங்களை அடுக்காதீர்கள். அவன் முகத்தைத் தூக்கிக்கொள்வான், வசனமும் சொல்வான். உங்களுக்குள் குற்ற உணர்வு கிளம்பும். அது தணியும்வரை போன் செய்து சமாதானப்படுத்த ஓடாதீர்கள். அப்புறம், தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். ஜெபத்தோடு அதுவும் சேர்ந்து போகலாம், தப்பில்லை.