உளுத்த கைமரமும் ஒரு மாணவியின் கேள்வியும்

அன்புள்ள சேர்,

பேராதனையில் சிவில் பொறியியல் இறுதியாண்டு. ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். மரக் கட்டமைப்பில் ஆராய்ச்சி செய்து விரிவுரையாளராக ஆசை. வீட்டில், "லயத்துக் கூரை உளுத்துப் போறதப் பார்த்தும் மரத்தையா படிக்கப் போற? கொங்கிரீட் படிச்சா கொழும்புல வேலை கிடைக்கும்" என்கிறார்கள். என்ன செய்யட்டும்?

- ஒரு மாணவி

அன்புள்ள மகளுக்கு,

தாராளமாகப் படியுங்கள். ஆனால் அந்த உளுத்த கைமரத்தை விட்டுவிட வேண்டாம், உங்கள் ஆராய்ச்சி தொடங்குவதே அங்கேதான். லீவில் போகும்போது தட்டிப் பாருங்கள். நடுவில் கணீரென்று கேட்கும், சுவருக்குள் செருகிய நுனியில் பேனாக்கத்தி சும்மா இறங்கும். தகரத்தின் ஆணி ஓட்டையால் ஒழுகிய மழையும் கருங்கல் சுவரின் ஈரமும் அந்த நுனியில்தான் தங்குகின்றன. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் மரத்தைப் பூஞ்சை அரிப்பதில்லை. ஆக, பிழை மரத்தில் இல்லை, கட்டிய விதத்தில். பதுளைப் பக்கத்துப் போகொட மரப்பாலத்துக்குக் கூரை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், மரம் நனையாமல் காப்பது அதுதான்.

அப்புறம் மூட்டு. கண்டிப் பக்கத்து எம்பக்கே தேவாலயத்துக்கு ஒருமுறை போய் அண்ணாந்து பாருங்கள், 26 கைமரங்களை ஒரே ஒரு பெரிய மர ஆப்பு பிடித்து நிற்கிறது. மரக் கட்டடத்தில் பெரும்பாலும் தலைவலி தருவது உத்தரமோ கைமரமோ அல்ல, அவை சேரும் மூட்டுதான். டென்மார்க்குப் பொறியியலாளர் யோஹான்சன் 1949இல் எழுதிய கோட்பாட்டில்தான் ஐரோப்பாவின் மரக் கட்டமைப்பு விதிநூலான யூரோகோட் 5 இன்றும் போல்ட்டையும் ஆணியையும் கணக்கிடுகிறது. நிரந்தரச் சுமைக்கு, கட்டடத்துக்குள் நனையாமல் இருக்கும் மரத்தின் பலத்தில் 0.6 பங்கைத்தான் அது நம்புகிறது, ஏனென்றால் ஆய்வுகூடத்தில் சில நிமிடம் தாங்கிய சுமையை மரம் ஐம்பது வருடம் தாங்காது. தோட்டத்தில் வளர்ந்த யூக்கலிப்டஸையும் கிரவிலியாவையும் முழு அளவுச் சட்டமாகவே உடைத்துச் சோதிக்க ஆட்கள் வேண்டும், நம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி அதைச் செய்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கற்பிக்கும்போது பலகையில் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு சட்டம், ஒன்றில் கணு இருக்கட்டும். கணு கீழ்ப்பக்கம் வரும்படி வைத்து, பிள்ளைகளின் கையாலேயே உடைக்க விடுங்கள், கணு பலத்தை எவ்வளவு குறைக்கிறது என்று அவர்களே பார்க்கட்டும்.

வீட்டாரிடம், நோர்வேயில் 2019இல் 85 மீட்டருக்குப் பெரும்பாலும் மரத்திலேயே 18 மாடி எழுப்பியதைச் சொல்லிப் பாருங்கள். சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான், அதை மறைக்க வேண்டாம். விரிவுரையாளராகிக் கலாநிதிப் பட்டத்துக்கு லீவில் வெளிநாடு போவதென்றால், திரும்பி வந்து வேலை செய்வதாகப் பிணை எழுத வேண்டி வரும். பிணை நிற்கப் போவது யார் என்று இப்போதே பேசி வையுங்கள்.