ஓலந்தின் இரண்டு சாவிகள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பின்லாந்தில் துர்க்கு நகரத்தில் எட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். போன வருடம் குடியுரிமையும் கிடைத்துவிட்டது. கோடையில், சுவீடனுக்கும் பின்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கிற, பின்லாந்துக்கு உட்பட்ட, சுவீடிஷ் பேசும் ஓலந்துத் தீவுகளுக்குப் போய்வந்ததிலிருந்து அங்கே தண்ணீர் தெரிகிற மாதிரி ஒரு துண்டு நிலம் வாங்க ஆசை. என் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் கூட இருந்ததில்லை. விசாரித்தால், 'ஊருரிமை' இல்லாதவர் வாங்க முடியாதாம். 30,000 பேருக்குத் தனிச் சட்டசபை, தனிக் கொடி, தனித் தபால்தலை, போதாததற்கு நிலத்துக்கும் வேலி. இது பாகுபாடு இல்லையா? இதையெல்லாம் பின்லாந்து ஏன் பொறுத்துக்கொள்கிறது?

ரா.

அன்புள்ள ரா.,

அப்பாவைப் பற்றிய அந்த ஒரு வரி இரண்டு நாளாக என்னோடேயே இருக்கிறது. அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்குக் குறுக்கே வந்ததற்கெல்லாம் பாகுபாடு என்று பெயர் வைப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. ஹெல்சிங்கியில் பிறந்து வளர்ந்தவருக்கும் உங்களுக்குச் சொன்ன அதே பதில்தான். ஊருரிமைக்கு ஓலந்தில் ஐந்து வருடம் குடியிருக்க வேண்டும், சுவீடிஷ் தெரிய வேண்டும், பின்லாந்துக் குடியுரிமை வேண்டும். அந்த மண்ணிலேயே பிறந்தவர்கூட வெளியே போய் ஐந்து வருடம் குடியிருந்துவிட்டால் அந்த உரிமையை இழந்துவிடுவார். அது இல்லாதவர்கள் நிலத்துக்குத் தீவு அரசிடம் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. கொடி, தபால்தலை பற்றிய உங்கள் எரிச்சலுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. தலையை எண்ணித்தான் உரிமை தருவது என்றால் உலகத்தில் பாதி மொழிகளுக்கு இடமே இருக்காது.

'பொறுத்துக்கொள்கிறது' என்று எழுதினீர்களே, என்னை உட்காரவைத்து எழுதச் செய்தது அந்தச் சொல்தான். பெரிய வீட்டுக்காரர் திண்ணையில் ஒண்ட இடம் கொடுத்த மாதிரி! எட்டு வருடம் அந்த நாட்டில் இருந்திருக்கிறீர்கள், பக்கத்துத் தீவின் கதையை ஒரு மாலை நேரம் படித்திருக்கக் கூடாதா?

1917-ல் ரஷ்யா ஆட்டம் கண்டபோது ஓலந்துக்காரர்கள் சுவீடனோடு சேரத்தான் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். அந்த வருடம்தான் பின்லாந்தும் ரஷ்யாவிடமிருந்து விடுதலை பெற்றது. தனக்குக் கேட்ட உரிமையைத் தீவுக்குத் தர அதற்கு மனமில்லை. 1920-ல் ஒரு தன்னாட்சிச் சட்டத்தை இயற்றி, பிரதமரே தீவின் தலைநகரான மரியேஹாம்ன் போய் நீட்டினார். தீவுக்காரர்கள் அதை ஏற்கவில்லை. உடனே யூலியஸ் சுண்ட்புளூம், கார்ல் பியோர்க்மன் என்ற இரண்டு தலைவர்களையும் தேசத்துரோகம் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். வழக்கு, ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்துக்குப் போனது. 1921 ஜூனில் தீர்ப்பு வந்தது. தீவு பின்லாந்துக்குத்தான், ஆனால் தீவுக்காரர்களின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் நிலத்துக்கும் பின்லாந்து உத்தரவாதம் தர வேண்டும். பின்லாந்து, சுவீடன், தீவுக்காரர்கள் என்ற மூன்று தரப்பில் யாருக்குமே கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. 1922 ஜூன் 9 அன்று தீவின் சட்டசபை முதல்முறையாகக் கூடியது. சபாநாயகர் சுண்ட்புளூம், அரசின் தலைவர் பியோர்க்மன். இரண்டு வருடம் முன்பு தேசத்துரோகிகள் என்று சொன்னார்களே, அதே இருவர்! சுண்ட்புளூம் 1945 வரை அந்த நாற்காலியில் இருந்தார்.

அந்தச் சங்கம் 1946-ல் கலைந்தே போயிற்று. உத்தரவாதத்துக்குக் காவலாக இருந்ததே போன பிறகும் உத்தரவாதம் போகவில்லை. அது எப்படி? நான் பல வருடமாகப் பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயம் இது, உங்களிடமும் சொல்கிறேன். ஓலந்தின் தன்னாட்சிச் சட்டத்தில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானாலும் பின்லாந்து நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்துகிற முறையிலேயே திருத்த வேண்டும். அது மட்டும் போதாது. தீவின் சட்டசபையும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் சம்மதிக்க வேண்டும். 1951-லும் 1991-லும் புதுச் சட்டம் வந்தது அப்படித்தான். ஹெல்சிங்கியில் எவ்வளவு பெரிய பெரும்பான்மையோடு யார் வந்து உட்கார்ந்தாலும் தனியாக அந்தப் பெட்டியைத் திறக்க முடியாது.

பெட்டி என்றதும் எங்கள் ஊர்க் கோவில் நினைவு வருகிறது. அம்மனின் வெள்ளிக் கவசம் இருந்த பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கோவில் கணக்கு எழுதிய என் அப்பாவிடம், இன்னொன்று மேலத்தெருவில் ஒரு பெரியவரிடம். ஒரு வரப்புத் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பதினோரு வருடம் பேச்சு கிடையாது. கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை, எதிரே வந்தால் துண்டை உதறிவிட்டு நடப்பார்கள். ஆனால் பங்குனி உத்திரத்தன்று விடிவதற்குள் அவர் வந்து நிற்பார். அப்பா முகத்தைப் பார்க்காமல் தன் பூட்டைத் திறப்பார், அப்பா தன் பூட்டைத் திறப்பார். ஒரு வருடம் நான், "அந்த ஒரு பூட்டை உடைச்சிட்டா அவர் தயவு நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்டேன். அப்பா அடிக்கவில்லை. "அந்தப் பூட்டு இருக்கறதாலதாண்டா ரெண்டு வீடும் இன்னும் ஒரே கோவிலுக்கு வருது" என்றார். கவசத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

ஓலந்தில் எங்கே தொட்டாலும் அந்த இரண்டாவது சாவி தட்டுப்படும். பின்லாந்து அங்கே நியமிக்கும் ஆளுநரைக்கூடக் குடியரசுத் தலைவர் தீவின் சபாநாயகரோடு கலந்து ஒத்துப்போய்த்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தீவின் சட்டம் பிடிக்கவில்லை என்பதற்காகக் குடியரசுத் தலைவர் அதைத் தள்ளிவிட முடியாது. அதிகார எல்லை மீறியிருந்தாலோ நாட்டின் பாதுகாப்பைத் தொட்டாலோ மட்டும்தான் தள்ளலாம். 1994-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர தீவு தனியாக வாக்களித்தது, நில உரிமையையும் வரி விலக்கையும் தனி ஏற்பாடாக எழுதி வாங்கிக்கொண்டது. துர்க்குவிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு ராத்திரிக் கப்பலில் போயிருப்பீர்கள். நடுராத்திரி ஓலந்தின் லாங்னெஸ் துறையில் கொஞ்ச நேரம் நின்று கிளம்புகிறதே, எதற்கு என்று யோசித்ததுண்டா? ஒன்றியத்தின் வரி எல்லைக்கு வெளியே இருக்கும் அந்தக் கரையைத் தொட்டுவிட்டுப் போனால்தான் கப்பல் கடையில் வரியில்லாமல் விற்கலாம்.

எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் தங்களுக்கென்று ஓர் இடம் இல்லை என்ற குறை அவர்களுக்கு இன்னும் இருக்கிறது, அது நியாயமான குறை. அப்புறம், தங்களுக்கு இவ்வளவு கேட்டு வாங்கியவர்களே தங்களைவிடச் சிறியவர்களிடம் மறந்துபோனார்கள். தீவுகளின் 16 உள்ளாட்சிகளை நான்காகச் சுருக்க அங்கே இருந்த அரசு சட்டமே கொண்டுவந்தது. சொட்டுங்கா என்ற உள்ளாட்சியில் இருப்பதே நூறு பேர் அளவுதான். அவர்களையும் கேட்காமல் இணைக்கிற ஏற்பாடு அது. 2019 தேர்தலில் ஆட்சி மாறியது, வந்தவர்கள் அதை ரத்து செய்தார்கள். எனக்கு அந்தச் செய்தி பெரிய ஆறுதல்.

சரி, உங்கள் நிலத்துக்கு வருகிறேன். குடியுரிமைக்கு நீங்கள் பின்னிஷ் படித்திருப்பீர்கள். அங்கே அது உதவாது, சுவீடிஷ் வேண்டும். துர்க்குவில் சுவீடிஷ் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, இன்றே தொடங்குங்கள். மரியேஹாம்னில் வேலை தேடுங்கள், ஐந்து வருடம் அந்தக் காற்றில் இருந்து பாருங்கள். அப்பாவை ஒரு கோடைக்கு வரவழைத்து அந்தக் கரையைக் காட்டுங்கள், அதற்குத் தீவு அரசின் அனுமதி தேவையில்லை. சுவீடிஷ் எந்த மட்டில் இருக்கிறது என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.