வாசகர் கேள்வி – பதில்: மாதிரிக் காருக்கு உருமறைப்பு வண்ணம்

கேள்வி: 1/35 அளவில், இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியக் கூபெல்வாகன் காரின் பிளாஸ்டிக் கிட்டை ஒட்டி முடித்து, மஞ்சள் அடிவண்ணத்தின் மேல் பச்சையும் செம்பழுப்பும் பட்டை பட்டையாக ஸ்ப்ரே டப்பாவால் அடித்தேன். வண்ணங்கள் பொருத்தமாகவே இருக்கின்றன. ஆனாலும் பார்த்தவர்கள் எல்லாம் பொம்மைக் கார் என்கிறார்கள். எங்கே பிசகியது?
– வாசகர், காரைக்குடி

பதில்: பிசகு வண்ணத்தில் இல்லை, பட்டையின் ஓரத்தில் இருக்கிறது. ஸ்ப்ரே டப்பாவால் அடித்தால் பட்டையின் இருபுறமும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்காவது புகைபோல மங்கல் படியும். அதை 35ஆல் பெருக்கினால், அசல் காரில் முக்கால் முழத்துக்கு மங்கல் படிந்த கணக்காகிறது. கையில் ஸ்ப்ரே துப்பாக்கி பிடித்து அடித்த அசல் வண்டியில் அந்த மங்கல் சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

அதற்கு ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தால் வண்ணத்தை மெல்லிய கோடாகத் தெளிக்கும் பேனா போன்ற கருவி, வேண்டும். வண்ணத்தைப் பால் பதத்துக்குத் தின்னரில் கரைத்து, கம்ப்ரஸரின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 பவுண்டாகக் குறைத்து, முனையை இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்துப் பட்டையின் ஓரத்தை முதலில் வரைந்துகொண்டு, பிறகு உட்புறத்தை நிரப்புங்கள். கை நடுங்கும் என்று தயங்குபவர்கள், புளூடாக் என்று கடையில் கிடைக்கும் ஒட்டுப்பசையை மெல்லிய திரியாக உருட்டிப் பட்டையின் எல்லையில் பதித்து, மூட வேண்டிய பகுதியை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டு, செங்குத்தாக மேலிருந்து அடிக்கலாம். திரி உருண்டையாக இருப்பதால் அதன் அடியில் வண்ணம் துளியளவு நுழைந்து, வேண்டிய மென்மை தானாக வந்துவிடும். டேப்பை மட்டும் அழுத்தி ஒட்டினால், தகர அச்சில் வண்ணச் சிமெண்டை ஊற்றி வார்த்த ஆத்தங்குடிக் கல்லின் பூவைப்போல ஓரம் கறாராக நின்றுவிடும். அது தரைக்கு அழகு, இந்தக் காருக்கு ஆகாது.

எந்த வடிவில் பட்டை போடுவது என்று பலரும் படம் தேடி அலைகிறார்கள். 1943 பிப்ரவரியில் ஜெர்மானிய ராணுவம் கரும்மஞ்சளைப் பொது அடிவண்ணமாக்கியது. பச்சையும் செம்பழுப்பும் குழம்பாகப் படைப்பிரிவுகளுக்கு வழங்கப்பட்டன. அதைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து, ஸ்ப்ரே துப்பாக்கி கிடைத்த இடத்தில் அதனாலும் இல்லாத இடத்தில் தூரிகையாலும் அடித்தார்கள். அதனால் ஒரு வண்டியைப்போல் மற்றொன்று இராது. ஓரிடத்தில் நீர்த்தும் ஓரிடத்தில் தடித்தும் இருப்பதே இயல்பு. ஆனால் 1941ஆம் ஆண்டு வண்டி என்று எழுதி வைத்துக்கொண்டு இம்மூன்று வண்ணங்களை அடித்தால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

கதவுகளையும் முன்மூடியையும் பொருத்திய பிறகே பட்டை போடுங்கள்; தனித்தனியே அடித்துப் பிறகு சேர்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. இந்தக் காரின் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் உபரிச் சக்கரத்தை மட்டும் கழற்றி, வெறும் மஞ்சளாகவே விட்டுப் பாருங்கள். வழியில் டயர் பஞ்சராகி மாற்றிய சக்கரம் என்று அது தானே சொல்லும். கூரைக்கு அடிவண்ணம் வேண்டாம். அது கான்வாஸ் துணி.

டப்பியில் உள்ள நிறத்தை அப்படியே அடிக்காமல், வெள்ளையையோ வெளிர் மஞ்சளையோ சில சொட்டுக் கலந்துகொள்ளுங்கள். சிறிய உருவத்தில் அசல் நிறம் கண்ணுக்கு அடர்த்தியாகவே படும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் வண்ணம் காற்றிலேயே காய்ந்து, உப்புத்தாள்போல் சொரசொரப்பாகப் படியும். ஆகவே காலையில் வெயில் ஏறுமுன் அடிப்பதும், உலர்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில சொட்டுச் சேர்ப்பதும் நல்லது. கடைசியில் மேட் வார்னிஷ் அவசியம். பளபளப்பு மிஞ்சினால் அதுவரை பட்ட பாடு வீண்.

கேள்வி: புழுதிக்கு எங்கள் ஊர்ச் செம்மண்ணையே சலித்துத் தூவலாமா?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வண்டி எங்கே ஓடியது என்பதைப் பொறுத்தது. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்து வண்டிக்கு வெளிர் மணல் நிறம்தான் பொருந்தும். இந்திய ராணுவத்து ஜோங்கா ஜீப்பைச் செட்டிநாட்டுச் சாலையில் நிறுத்துவதானால் தாராளமாகச் செம்மண் தூவுங்கள். ஆனால் மல் துணியில் இருமுறை சலித்த மாவை மட்டும், சக்கர வளைவுகளிலும் படிக்கட்டிலும். ஒரு சிறு மணல் துணுக்குகூட இந்த அளவில் கூழாங்கல்லாகத் தெரியும்.

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் ஒரு பழைய தகர ஜீப் வாங்கினேன். வண்ணம் உரிந்திருக்கிறது. சுரண்டிவிட்டு உருமறைப்பு அடிக்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: வேண்டாம். அந்த உரிந்த வண்ணம்தான் அதன் விலை. தவிர, பழைய பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சில் போகும், வீட்டில் குழந்தைகள் இருந்தால் இன்னும் ஆபத்து. கைவேலைக்கு ஒரு புதுக் கிட் வாங்கிக்கொள்ளுங்கள். 1/72 அளவானால் ஏர்பிரஷ்கூட வேண்டாம், நுனி கூர்மையான தூரிகை போதும். அந்த அளவில் மங்கல் ஓரம் கண்ணுக்கே தெரியாது.