பாளி (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

மும்பை அன்டாப் ஹில்லில் இருக்கிறேன். மகளுக்குப் பதினொரு வயது. அவள் வகுப்பில் இரண்டு பெண்களுக்கு 'அது' ஆகிவிட்டதாம். அந்த விஷயத்தை இவளிடம் எப்படிச் சொல்வது? மனைவிக்குக் கூச்சம். 'ஆகும்போது பார்த்துக்கலாம்' என்கிறாள். நான் அப்பா, அந்த மாதிரி விஷயத்தை நான் பேசலாமா? இப்போதே சொன்னால் புத்தி அந்தப் பக்கம் போய்விடாதா? பையனுக்குப் பதினான்கு. குளியலறையில் ரொம்ப நேரம் இருக்கிறான், கவலையாக இருக்கிறது. தமிழில் அந்த மாதிரி நல்ல புத்தகம் ஏதாவது உண்டா? பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

கேட்டபடி உங்கள் பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் கடிதத்தில் வேறு எதற்குமே பெயர் இல்லையே. எண்ணிப் பார்த்தேன்: ஓர் 'அது', நான்கு 'அந்த'. வகுப்புப் பெண்களுக்கு என்னதான் ஆனது? மஞ்சள் காமாலையா, காதுகுத்தா?

புத்தகம் எதுவும் சொல்லப்போவதில்லை. வாங்கி அவள் மேசையில் வைத்துவிட்டு ஹாலில் டிவி போட்டு உட்கார்ந்துகொள்வீர்கள். பையன் இருக்கிற வரை இருக்கட்டும், கதவைத் தட்டாதீர்கள். இந்த ஊரில் பதினான்கு வயதுப் பையனுக்குத் தாழ்ப்பாள் போட ஒரு கதவு கிடைத்ததே பெரிய காரியம். விந்து போனால் உடம்பு போகும் என்று ரயில் பாதையோரச் சுவர்களில் 'குப்த ரோக்' (ரகசிய நோய்) விளம்பரம் எழுதுகிறவர்களுக்குப் பிழைப்பு நடக்க வேண்டும், எழுதுகிறார்கள். விந்தில் பெரும்பங்கு சுரப்பிநீர், உயிரணு சில சதவீதம்தான். ரத்தத்தைக் காய்ச்சி இறக்கியது இல்லை. உடம்பு தினமும் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது.

புத்தி அந்தப் பக்கம் போய்விடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் வந்தது. 2007இல் மகாராஷ்டிர அரசும் இதே பயத்தில்தான் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வியை நிறுத்தியது. பிள்ளைகளின் புத்தி எல்லாப் பக்கமும் போகட்டும் என்றுதானே ஐயா ஃபீஸ் கட்டுகிறீர்கள்?

உங்கள் கடிதம் வந்த அன்று பெரியம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் அவள் திதி.

தாராவியில் எங்கள் கோலி, அதாவது ஒற்றை அறை வீடு, பத்துக்குப் பத்து. ஏழு பேர். மாதவிடாயைப் பெரியம்மா திருநெல்வேலிப் பேச்சில் 'தூரம்' என்பாள். "ஏலே, நான் தூரம்லா, தொடாத." ஊரில் தூரமாக இருக்கத் திண்ணை இருந்தது, மாட்டுத்தொழுவம் இருந்தது. கோலியில் எங்கே போவாள்? தண்ணீர் புழங்கும் மோரியை ஒட்டி ஒரு சாக்கை விரித்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வாள். காலை நீட்டினால் என் புத்தகப் பையில் இடிக்கும். என்னிடம் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டால் எட்டிக் கொடுக்க வேண்டியதில்லை, கீழே வைத்து நகர்த்தினால் போதும். எனக்கு அப்போது ஆறு வயது. பிறகு ஒரு சமயம் சாக்கு வருவது நின்றுபோனது. சுருட்டி மேலே பரணில் செருகிவிட்டாள்.

நான்கு வருடம் கழித்து, 1979இல், சாக்கு மறுபடி கீழே இறங்கியது. நான் பார்த்தேன். பெரியம்மாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று இருக்கும்.

அடிவயிறு வலிக்கிறது என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் மொழிபெயர்ப்பாளன். பெரியப்பாவுக்கும் மராத்தி வரும், ஆனால் அவருக்கு மில் இருந்தது. தவிர, பொம்பளை வார்டுக்கெல்லாம் அவர் வரமாட்டார். (உங்கள் இனம்தான்.) பன்னிரண்டு வயதுப் பையன் போகலாமாம்.

டாக்டரம்மா கேட்டார்: "பாளி கதீ பந்த் ஜாலி?"

மில் வட்டாரத்துப் பையனுக்குப் பாளி என்றால் ஷிப்ட். முதல் பாளி, இரண்டாம் பாளி, ராத்திரிப் பாளி. அப்படியே தமிழில் சொன்னேன்: "பெரியம்மா, ஷிப்டு எப்ப நின்னுச்சுன்னு கேக்காங்க."

அவள் பதறிப்போனாள். "நிக்கலியேல, உங்க பெரியப்பா நேத்து ராத்திரிகூட போனாவளே."

நான் மராத்தியில் சொன்னேன்: நிற்கவில்லை, நேற்று ராத்திரிகூட இருந்தது.

டாக்டரம்மா தலையாட்டி எழுதிக்கொண்டார். ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அவருடைய கேள்விக்குப் பொருத்தமான பதில்தான் கிடைத்தது. மராத்தியில் மாதவிடாய்க்கும் பாளி என்றுதான் பெயர் என்பது கல்லூரியில், கூடப் படித்த பெண் ஒருத்தி வயிற்றுவலிக்கு மாத்திரை கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. கேன்டீனில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மா அதற்கு வெகு முன்பே, 1981 தீபாவளிக்கு முந்தைய வாரம், போயிருந்தாள். கருப்பைவாய்ப் புற்று. அடுத்த ஜனவரி 18ஆம் தேதி மில்களில் வேலைநிறுத்தம் தொடங்கி எல்லாப் பாளியும் நின்றது. பெரியப்பா மோரிப் பக்கமாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

சாக்கு திரும்பி வந்ததைப் பார்த்தவன் நான். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சொல் புழங்கியிருந்தால் ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பேன். தூரம், விலக்கு, தீட்டு, தலைக்கு ஊற்றியிருக்கு... எதிலாவது உடம்பு இருக்கிறதா பாருங்கள். எல்லாம் எங்கே உட்கார வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று சொல்கிற சொற்கள். இத்தனைக்கும் தொல்காப்பியம் கற்பியலில் 'பூப்பின் புறப்பாடு ஈராறு நாளும்', அதாவது பூப்பு வந்தபின் பன்னிரண்டு நாளும், கணவன் விலகி இருக்கக் கூடாது என்கிறது, அவன் பரத்தையிடம் போய்க் கிடக்கிற காலத்திலும்கூட. கரு தங்கும் காலம் என்கிற கணக்கு. 28 நாள் சுழற்சியில் பதினான்காம் நாள் வாக்கில் சினைமுட்டை வெளிவரும், ஒரு நாள் இருக்கும், விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும் என்று இன்றைய மருத்துவம் சொல்வதற்கு மிகவும் கிட்டத்தில்தான் இருக்கிறது. இலக்கண நூலில் கூசாமல் எழுதிவைத்ததை உங்களால் சாப்பாட்டு மேசையில் சொல்ல முடியவில்லை.

அப்பா பேசலாமா என்றால், பேசுங்கள். மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுங்கள், அவருக்கும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆகும்போது பார்த்துக்கொள்ள முடியாது. ஆகும்போது அவள் பள்ளிக் கழிவறையில் தனியாக இருப்பாள், எங்கோ காயம் பட்டுவிட்டதென்று நினைப்பாள். பிறப்புறுப்பு என்று மொத்தமாகச் சொல்லி நழுவாதீர்கள். சிறுநீர் வரும் வழி வேறு, யோனி வேறு, மலம் போகும் வழி வேறு. மூன்று பிள்ளை பெற்றவர்களில்கூட இது தெரியாதவர்களைப் பார்த்திருக்கிறேன். இரு பக்கமும் சினைப்பை, நடுவே முஷ்டி அளவில் கருப்பை, மாதாமாதம் அதன் உட்படலம் கரு தங்குவதற்காகத் தடித்து, கரு இல்லையென்றால் கழன்று ரத்தத்தோடு வெளியேறும். கெட்ட ரத்தம் என்று யாராவது சொன்னால் மறுக்கச் சொல்லிக்கொடுங்கள். முதல் ஓரிரு வருடம் நாள் தப்பித் தப்பி வரும், பயப்பட வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் நீண்டாலோ, மணிக்கொரு பேட் மாற்ற வேண்டியிருந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

நீங்கள் கேட்காத இரண்டு: கருப்பைவாய்ப் புற்று ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி. என்கிற வைரஸால் வருவது. 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி, ஒன்றோ இரண்டோ தவணை. உங்கள் மகளுக்குப் பதினொன்று, காலம் தாழ்த்தாதீர்கள். உங்கள் அம்மாவிடமும் கேளுங்கள். மாதவிடாய் முழுதாக நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும் உடனே மகளிர் நோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எப்படிக் கேட்பது என்று எனக்கு மறுபடி கடிதம் எழுதாதீர்கள், கேளுங்கள்.

இந்த ஊரில்தான் ர. தோ. கர்வே என்ற கணித ஆசிரியர் 1921இல் கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். வேலை போனது. 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்திப் பத்திரிகையை 1927இலிருந்து சாகும்வரை நடத்தினார். 1934இல் அவர்மேல் ஆபாச வழக்கு. குற்றம் என்னவென்றால், உங்களைப்போல் எழுதிக் கேட்ட வாசகர்களுக்குப் பதில் எழுதினார். அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கு தோற்றது. தொண்ணூறு வருடம் கழித்து நான் எந்தப் பயமும் இல்லாமல் உங்களைத் திட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். கர்வேயிடம் கேட்டவர்களாவது கேட்க வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆரம்பியுங்கள். உங்களுக்கு வாய் வரவில்லையென்றால் பாளி என்றால் என்னம்மா என்று அவளிடமே கேளுங்கள். மில் இல்லாத மும்பையில் பிறந்தவள், ஷிப்ட் என்று சொல்லமாட்டாள்.